12க்கு 14 ரூம், 6 லட்சம் பட்ஜெட்: டவரா, புக்‌ஷெல்ஃபா?

சிறுவாணித்தண்ணி:

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல சொந்த வீடு, மேல்மாடில ஒரு ரூம பாட்டு கேக்கறதுக்குன்னே ஒதுக்கியாச்சு, வீட்ல சம்மதம் வாங்கிட்டேன், வாய்மொழிதான், எழுதி வாங்கல. ரூம் 14 அடி நீளம், 12 அடி அகலம், சீலிங் 10 அடி. 9 இன்ச் செங்கச்சுவரு, மேல கான்கிரீட், கீழ வழவழன்னு டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய ஜன்னல், எதிர்பக்கம் பரண், ஒரு மூலைல அம்மாவோட ஸ்டீல் பீரோ (அத நகத்த முடியாது, கேக்காதீங்க).

ஆம்ப் ஏற்கனவே இருக்குதுங்க, 60 வாட்ஸ் இன்டகிரேட்டட். கேக்கறது பாதிக்கு மேல பழைய கச்சேரி, அப்புறம் ராஜா சார் பாட்டு, ராத்திரி கொஞ்சம் ஜாஸ். ஸ்பீக்கருக்குன்னு 6 லட்சம் வச்சிருக்கேன். போன மாசம் ஒரு கடைல பெரிய டவர் ஒண்ணு கேட்டேனுங்க, ஆளு உசரம், ஒவ்வொண்ணுலயும் கீழ் ஸ்தாயி பேஸுக்குன்னு ரெண்டு 8 இன்ச் வூஃபர். மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் தட்டுனா நெஞ்சுல வந்து உக்காருது. அங்கயே அட்வான்ஸ் குடுத்துருப்பேன், கூட வந்த மச்சான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டான்.

அத வாங்கலாமுங்களா, இல்ல இந்த ரூமுக்கு ஸ்டாண்டு மேல வைக்கற சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதுமா? ரெண்டு மூலைலயும் ரெண்டு டவர வச்சு எதிர் சுவத்த ஒட்டி சோபா போடறதா பிளான். சுவத்துக்கு ஃபோம் ஒட்டறதா இருந்தா அதுக்கும் யோசனை சொல்லுங்க.

தனியாவர்த்தனம்:

மச்சானுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுங்க ப்ரோ.

டவர் கெட்டதுன்னு சொல்ல வரல. ஆனா நீங்க கேட்டது அந்தக் கடையோட ஹால, ஸ்பீக்கர மட்டும் இல்ல. கிட்டத்தட்ட 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ, அதாவது பேஸ் பக்கம், எந்த ஸ்பீக்கரா இருந்தாலும் உங்க காதுக்கு என்ன வரணும்னு முடிவு பண்றது ரூம்தான், உங்க சைஸ் ரூமுக்கு அந்தக் கோடு அங்கதான் விழும். கணக்கு ரொம்ப ஈஸி, சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 345 மீட்டர்னு வச்சுக்கோங்க, அத ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுங்க. உங்க 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, சீலிங் 10 அடிக்கு 57, இந்த மூணுலயும் அதோட மடங்குகள்லயும் ரூம் தானாவே ஊதும். ராஜா பாட்டுல பேஸ் கிடாரோட அடி ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், அதாவது அந்த ஒரு நோட்டு வரும்போது மட்டும் ரூமே சேந்து பாடும், பக்கத்து நோட்டுக்கு அமைதியா இருக்கும். மூலைல ஸ்பீக்கர் வச்சா இந்த ஊதல் எல்லாமே உச்சத்துக்குப் போகும், சுவத்த ஒட்டி சோபா போட்டா அந்த உச்சத்துலயே நீங்க உக்காந்திருப்பீங்க. உங்க பிளான்ல ரெண்டும் இருக்கு. கடைல நெஞ்சுல வந்து உக்காந்த தொப்பி உங்க வீட்ல எந்திரிக்கவே எந்திரிக்காது.

சரி அப்ப எங்க வைக்கறதுன்னா, ஆரம்பத்துக்கு இத ட்ரை பண்ணுங்க. 14 அடி நீளவாக்குல பாட்டு வரணும். பின்சுவத்துலேர்ந்து ஸ்பீக்கர் முகம் ஒரு 3 அடி முன்னாடி, பக்கச்சுவத்துலேர்ந்து ரெண்டரை அடி உள்ள, ரெண்டுக்கும் நடுவுல 7 அடி. சேர் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற சுவத்துலேர்ந்து 5 அடி சொச்சம் தள்ளி. கணக்குப் பாத்தா காதுக்கும் ஸ்பீக்கருக்கும் தூரம் 6.7 அடி பக்கம் வரும், முக்கோணம் ஏறக்குறைய சமமா அமையும். ரூமுக்கு சரியா நடுவுல மட்டும் உக்காராதீங்க, அங்க 40 ஹெர்ட்ஸ் சுத்தமா காணாமப் போயிடும். இதெல்லாம் ஆரம்பம்தான், அப்புறம் ரெண்டு ரெண்டு இன்ச்சா நகத்திக் கேக்கணும். தரைல மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க் பண்ணிக்கோங்க, இல்லன்னா முன்ன நல்லா இருந்த இடம் எதுன்னு மறந்துடும்.

இன்னொண்ணு, ஸ்பீக்கருக்குப் பின்னாடி சுவத்துல பட்டு திரும்பி வர்ற பேஸ் நேரா வர்றதோட மோதி ஒரு எடத்துல ரத்தாகும். முகம் சுவத்துலேர்ந்து 1 மீட்டர்னா 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், 2 அடின்னா 140 பக்கம். அதனாலதான் ரெண்டு இன்ச் நகத்துனாக்கூட மிருதங்கம் வேற மிருதங்கமா கேக்குது, பிரமை இல்ல அது.

முட்டை ட்ரே மாதிரி இருக்கற ஃபோம் ஒட்டவே ஒட்டாதீங்க. அது மேல் ஸ்தாயிய மட்டும் தின்னுட்டு பேஸ அப்படியே விட்டுடும், ரூம் செத்த மாதிரி ஆகியும் கீழ ‘கும்’முன்னே இருக்கும். ஜமுக்காளம் விரிச்சாலும் அதே கததான், டைல்ஸோட கூச்சல் கொஞ்சம் அடங்கும், அவ்ளோதான். வேணுங்கறது கனம். இன்சுலேஷன் விக்கிற கடைல ராக்வுல்னு கல் நாருல பண்ண ஸ்லாப் கிடைக்கும், கன மீட்டருக்கு 48 கிலோ டென்சிட்டின்னு கேட்டு வாங்குங்க, ஆசாரிகிட்ட சொல்லி 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம் போட்டு, 4 இன்ச் கனத்துக்கு அடச்சு, மேல காடாத்துணி சுத்தி, சுவத்துலேர்ந்து இன்னொரு 4 இன்ச் இடைவெளி விட்டு மாட்டுங்க. காடாத்துணி காத்து விடும், ரெக்ஸின் போட்டீங்கன்னா சத்தம் அதுலயே பட்டு திரும்பிடும். அடைக்கும்போது மாஸ்க், கையுறை கட்டாயம், அரிப்பு தாங்க முடியாது. எங்க மாட்டறதுன்னா, நீங்க சேர்ல உக்காருங்க, ஒருத்தர பக்கச்சுவத்து மேல கண்ணாடிய நகத்தச் சொல்லுங்க, கண்ணாடில ஸ்பீக்கர் தெரியற எடம்தான் எடம். ஜன்னல் பக்கம் கனமான திரை, மடிப்பு மடிப்பா.

பட்ஜெட்ட நான் பிரிச்சா சின்ன ஸ்பீக்கருக்கு 3 லட்சம், அடி பேஸ மட்டும் வாசிக்கற சப்வூஃபர் ரெண்டுக்கு 1.5, ராக்வுல் பேனல், ஸ்டாண்ட், அளக்கற மைக்குக்கு மிச்சத்துல பாதி, மீதி கையில.

பேஸ்_பைத்தியம்:

எல்லாரும் சின்ன ஸ்பீக்கர் சின்ன ஸ்பீக்கர்னே சொல்லுங்கய்யா. 6 லட்சம் குடுத்து ஷூ டப்பா சைஸ்ல ஒண்ண ஸ்டாண்டு மேல வச்சுட்டு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட என்னன்னு காட்டறது? எங்கூட்ல 11க்கு 13 ரூம், டவர்தான் ஓடுது, பின்பக்க போர்ட்டுல, அதான் பேஸ் கூட வர்றதுக்கு விட்ட ஓட்டைல, அவங்களே குடுத்த ஸ்பாஞ்சு அடப்பான சொருகி வச்சிருக்கேன், ஈக்யூ போட்டு ஊதற ஸ்தாயிய எறக்கிருக்கேன், பிரமாதமா இருக்கு. டவர்ல வர்ற அந்த சுலுவு சின்ன டப்பால வராது, வால்யூம ஏத்துனா சின்னது மூச்சு வாங்கும். ஆசப்பட்டத வாங்குங்க பங்காளி.

தனியாவர்த்தனம்:

அடப்பான் போட்டு ஈக்யூ போட்டு பேஸ பாதியாக் குறச்சுத்தான் கேக்கறீங்கன்னா அந்தப் பேஸுக்கு எதுக்குங்க காசு குடுத்தீங்க. சுலுவு விஷயத்துல நீங்க சொல்றது உண்மை, மறுக்கல. அதுக்குத்தான் கீழ இருக்கற வேலைய சப்புக்குத் தள்ளிவிடச் சொல்றேன், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ கட் பண்ணிட்டா சின்ன வூஃபருக்கு மூச்சு வாங்காது.

பழைய பிளேட்டு:

தம்பி, கச்சேரி கேக்கறவர்னு சொன்னதுனால எழுதறேன், இல்லன்னா இந்த டவர் சண்டைக்குள்ள வரமாட்டேன்.

1970கள்ல பிபிசிக்காரங்க வெளியூர் ஒலிபரப்பு வேனுக்குள்ள வச்சுக் கேக்கறதுக்குன்னு ஒரு சின்னப் பெட்டி பண்ணாங்க, எல்எஸ்3/5ஏ ன்னு பேரு. அஞ்சு லிட்டர் சொச்சம், முழுக்க மூடுன பெட்டி, போர்ட் கிடையாது. சத்தமும் அதிகம் வராது, பேஸும் அதிகம் வராது, ஆனா மனுஷக் குரல் வந்தா அப்படியே ஆளு வந்து நிப்பாரு. வேனுக்குள்ள இருக்கறவருக்கு அறிவிப்பாளர் குரல்ல என்ன கோளாறுன்னு தெரியணும், பண்ணதே அதுக்குத்தான். இன்னிக்கு வரைக்கும் அதே வரைபடத்த வச்சுப் பல கம்பெனி பண்ணி வித்துக்கிட்டுதான் இருக்கு. கேஇஎஃப் கம்பெனிதான் அப்ப அதுக்கு வூஃபரும் மேல் ஸ்தாயிக்கான ட்வீட்டரும் குடுத்தது, அதே கம்பெனி தங்களோட 50வது வருஷத்துக்குன்னு 2012ல எல்எஸ்50 விட்டாங்க, 2020ல அதுக்கு மெட்டான்னு அடுத்தது வந்துச்சு. வூஃபருக்கு நடு மையத்துலயே ட்வீட்டர் இருக்கும், ரெண்டும் ஒரே புள்ளிலேர்ந்து வர்றதால சேர்ல கொஞ்சம் சாஞ்சு உக்காந்தாலும் குரல் மாறாது. ஹார்பெத் கம்பெனியோட பி3ஈஎஸ்ஆர் இன்னொண்ணு, அது அந்த பிபிசிப் பெட்டி மாதிரியே மூடுனது, எல்எஸ்50க்குப் பின்னாடி போர்ட் உண்டு. இது ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஒரு நாள் வச்சுக் கேட்டுப் பாக்க முடியுமான்னு கடைல கேளுங்க. வீட்டு டெமோ தராத கடைல இவ்வளவு காசு போட வேணாம்.

உங்க 60 வாட்ஸ் பத்திக் கவலப்படாதீங்க. எல்எஸ்50 மெட்டாவோட சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்ளோ சத்தம்ங்கறது, 85 டெசிபல், கம்மிதான், ஆனாலும் ரெண்டு ஸ்பீக்கரும் சேந்து உங்க ஒக்காரும் தூரத்துக்கு உச்சத்துல 100 டெசிபல் பக்கம் வந்துரும். கச்சேரிக்கு அது தாராளம், தனி ஆவர்த்தனத்துக்கும் போதும். ஒரே விஷயம், அதோட ஓம்ஸ் (கரெண்டுக்குக் காட்டற தடை) ஒரு எடத்துல 3.5 வரைக்கும் எறங்கும், உங்க ஆம்ப்புக்குப் பின்னாடி 4 ஓம்ஸ் ஓட்டலாம்னு போட்டுருக்கான்னு பாத்துக்கங்க. வாட்ஸ ரெட்டிப்பாக்குனா கூடறது 3 டெசிபல்தான்னு ஞாபகம் வச்சுக்கிட்டா ஆம்ப் கடைக்காரன்கிட்ட ஏமாற மாட்டீங்க.

செட் பண்றதுக்கு உங்ககிட்டயே ஒரு நல்ல கருவி இருக்கு, பழைய மோனோ கச்சேரி. மோனோன்னா ரெண்டு ஸ்பீக்கருக்கும் அச்சா ஒரே சத்தம் போகுது. அப்ப பாடகர் குரல் ரெண்டுக்கும் நட்டநடுவுல, ஒரு ஆள் தலை அகலத்துக்கு, ஆணி அடிச்ச மாதிரி நிக்கணும். ஜன்னல் பக்கம் சாஞ்சா அந்தப் பக்கத்து சுவத்துக்கு சிகிச்ச பண்ணுங்க, இல்ல ஒரு ஸ்பீக்கர் அர இன்ச் முன்னாடி இருக்கும், டேப் வச்சு அளங்க. குரல் ரூம் அகலத்துக்குப் பரவிக் கெடந்தா ஸ்பீக்கர உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. தம்புரா எங்க இருக்குன்னு தேடாதீங்க, மோனோல அது பாடகர் மடிலதான் இருக்கும்.

பழசு வாங்கறதா இருந்தா வூஃபர் ஓரம் ரப்பரா ஃபோமான்னு பாருங்க. ஃபோம்னா நம்ம ஊர் ஈரத்துக்கு பத்துப் பதினஞ்சு வருஷத்துல அப்பளம் மாதிரி நொறுங்கிரும், கடலோர ஊர்லேர்ந்து வந்ததுன்னா இன்னும் சீக்கிரம்.

கனடாவில_ஒரு_காது:

சிறுவாணி அண்ணை, நான் டொராண்டோவில இருக்கிறன், பேஸ்மென்டுக்குள்ளதான் என்ட செட். ஒண்டு சொல்லோணும். யூடியூப்பில நீங்கள் பாக்கிற ரூம் கனக்க எங்கட ரூம் மாதிரித்தான், மரச்சட்டம் அடிச்சு அதுக்கு மேல அரை இஞ்சி ட்ரைவோல். அந்தச் சுவர் பேஸுக்குக் கொஞ்சம் ஆடிக் குடுக்கும், கொஞ்சத்த வெளியிலயும் விட்டிடும், பக்கத்து ரூமில மனிசி ஏசிறது அதாலதான். உங்கட செங்கலும் கொங்கிரீட்டும் அப்பிடி இல்லை, போன பேஸ் முழுக்கத் திரும்பி வரும். அதால அமெரிக்காக்காரன் “இந்த டவர் பன்னிரண்டு அடி ரூமில நல்லாத்தான் இருக்கு” எண்டு ரிவ்யூ போட்டால் அத அப்பிடியே எடுக்காதேங்கோ. மூடின பெட்டி உங்களுக்கு நல்லாச் சரிவரும், அது கீழ மெல்ல மெல்லத்தான் இறங்கும், உங்கட ரூம் அந்த இறக்கத்த தானே தூக்கிப் பிடிக்கும். போர்ட் வச்ச பெரிய டவருக்கு அந்த உதவி தேவையே இல்லை, அது தலைவலியாத்தான் முடியும்.

சப் ரெண்டு வாங்கிறதெண்டால் ரெண்டையும் ஒரே மூலையில வைக்காதேங்கோ. ஹார்மன் எண்ட ஸ்பீக்கர் கொம்பனியில டொட் வெல்ட்டி எண்டவர் 2002ல இதக் கணக்குப் போட்டுக் காட்டினவர், எதிரெதிர்ச் சுவரிண்ட நடுவில ஒண்டொண்டு வச்சாலே நிறைய ஊதல் ஒண்டை ஒண்டு வெட்டும்.

வெள்ளிக்கம்பி:

யாருமே கேபிள் பத்தி பேசலயே? 6 லட்சம் சிஸ்டத்துக்கு குறைஞ்சது 60 ஆயிரத்துக்கு கேபிள் போடணும், இல்லன்னா நல்ல ஸ்பீக்கர் வாங்கியே பிரயோஜனம் இல்ல. நான் மாத்துனதும் திரை விலகின மாதிரி இருந்துச்சு.

பழைய பிளேட்டு:

ஐயா, 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் 4 மீட்டர், போக வர 8 மீட்டர்னா மொத்தமே 0.06 ஓம்ஸ் சொச்சம்தான். ஸ்பீக்கர் எறங்கற 3.5 ஓம்ஸ் முன்னாடி அது எம்மாத்திரம். கரெண்டு சாமான் கடைல மீட்டர் கணக்குல கெடைக்கும். 60 ஆயிரத்துக்கு ராக்வுல் வாங்குனா ரெண்டு ரூம் அடைக்கலாம்.

வெள்ளிக்கம்பி:

எல்லாத்தயும் ஓம்ஸ்ல அளக்க முடியாது சார். காதுன்னு ஒண்ணு இருக்கு.

தனியாவர்த்தனம்:

காதுன்னு ஒண்ணு இருக்கு, கண்ணுன்னும் ஒண்ணு இருக்கே ஜி. அதே ஹார்மன்ல இருந்த ஃப்ளாயிட் டூல், ஷான் ஆலிவ் ரெண்டு பேரும் 1994ல ஒரு பேப்பர் போட்டாங்க, அதே ஆளுங்க அதே ஸ்பீக்கர்கள திரை போட்டு மறச்சுக் கேட்டப்ப ஒரு மார்க், கண்ணால பாத்துக்கிட்டே கேட்டப்ப வேற மார்க். பெருசா அழகா இருந்ததுக்கு மார்க் ஏறுச்சு. அவங்க கம்பெனி ஆளுங்களே மாட்டிக்கிட்டாங்க அதுல. சிறுவாணி ப்ரோ, கடைல டவரையும் சின்னதையும் மாத்தி மாத்திக் கேட்டீங்கன்னா ரெண்டுக்கும் சத்த அளவு ஒண்ணா இருக்கான்னு ஃபோன்ல ஒரு டெசிபல் ஆப் போட்டுப் பாருங்க, ஒரு டெசிபல் கூட இருந்தாலே அது நல்ல ஸ்பீக்கர் மாதிரி தோணும். விக்கிறவங்களுக்கு இது தெரியும்.

சிறுவாணித்தண்ணி:

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்வளவு வரும்னு நெனைக்கல. கண்ணாடி வச்சுப் பாத்தேன், ஜன்னல் பக்கம் ஸ்பீக்கர் தெரியற எடம் சரியா ஜன்னலோட பாதியில விழுது, அங்க திரைதான் போட முடியும், பேனல் முடியாதுங்க. எதிர்ப்பக்கம் பரணுக்குக் கீழ சுவரு காலியாத்தான் இருக்கு. அப்பறம் ரூம் நடுவுல நின்னு கைதட்டுனேன், ‘டிர்ர்ர்’னு ஒரு சத்தம் திரும்பி வருது, பல்லி கத்தற மாதிரி, அது என்னங்க?

இன்னொண்ணு, இருக்கற பழைய செட்டுல ஃபோன்லேர்ந்து 30 ஹெர்ட்ஸுலேர்ந்து மேல ஏத்தி ஏத்தி ஒரு டோன் விட்டுப் பாத்தேன். 47 பக்கம் வந்ததும் பீரோ கைப்பிடி கிடுகிடுன்னு ஆடுது, 60க்கு மேல பரண் கதவு. கச்சேரி கேக்கும்போது இத்தன நாளா நான் மிருதங்கத்தோட நாதம்னு நெனச்சிட்டிருந்ததுல பாதி பீரோ வாசிச்சதுங்க.

முடிவு என்னன்னா டவர விட்டாச்சு. வீட்டு டெமோ தர்றேன்னு ஒரு கடை ஒத்துக்கிட்டாங்க, மொதல்ல எல்எஸ்50 மெட்டாதான் வருது. மைக் எது வாங்கறதுங்க, ஃபோன் மைக்கே போதுமுங்களா? சேர் விஷயத்துல ஒரு சந்தேகம், எனக்குப் பிரம்பு ஈஸி சேர்தான் பழக்கம், அதுல சாஞ்சா தல ரொம்பக் கீழ போயிருது.

பேஸ்_பைத்தியம்:

பீரோவுக்குத் தனி ஆவர்த்தனம் குடுங்க 😂 டவர விட்டுட்டீங்களே பங்காளி, சரி விடுங்க. கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு துண்டு ஃபெல்ட் துணி சொருகுங்க, உள்ள போர்வை புடவைன்னு நிரம்ப அடுக்குங்க, தகரம் அதிர்றது நின்னுரும். பரணுக்கும் அதே வைத்தியம்தான். எங்கூட்லயும் அதான் பண்ணேன், இதுல மட்டும் என் பேச்சக் கேளுங்க.

தனியாவர்த்தனம்:

அந்தப் பல்லி சத்தம் எதிரெதிர் மொட்டச் சுவர் ரெண்டும் பந்து தட்டி வெளையாடறது. ஏதாவது ஒரு சுவத்துல புத்தக அலமாரி வந்தாலே பாதி போயிடும், புத்தகங்கள ஒரே வரிசையா அடுக்காம முன்ன பின்ன வைங்க. ஜன்னலுக்கு ரெட்டத் திரை போட்டு, ஸ்பீக்கர உள்பக்கமா கொஞ்சம் கூடுதலா திருப்பிடுங்க, ஜன்னல் மேல விழற சத்தம் கொறயும். எதிர்ச்சுவத்துல பேனல் போடுங்க, ஆனா ரெண்டு பக்கமும் ரொம்ப வித்யாசமா ஆயிடுச்சுன்னா மோனோ கச்சேரி காட்டிக் குடுத்துடும், அப்ப அந்தப் பக்கமும் திரையே போட்டுப் பாருங்க.

ஈஸி சேர்னா ஸ்டாண்ட் அதுக்குத் தகுந்த உசரம். நீங்க சாஞ்சு உக்காந்ததும் தரைலேர்ந்து காது வரைக்கும் அளக்கச் சொல்லுங்க, அந்த உசரத்துக்கு ட்வீட்டர் வரணும். சாதாரண சேர்ல அது 36லேர்ந்து 40 இன்ச் வரும், உங்களுக்கு அதவிட கம்மியா வரும். வெல்டிங் பட்டறைல ஸ்டாண்ட் அடிச்சுக்கலாம், பைப்புக்குள்ள காஞ்ச மணல் ரொப்பிடுங்க, அடில கிரானைட் கடைல மிச்சத் துண்டு ரெண்டு வாங்கிப் போட்டா போதும். சேர் முதுகு மட்டும் காதுக்கு மேல வரக்கூடாது.

ஃபோன் மைக் வேணாம், கீழ பேஸ நம்ப முடியாது. மினிடிஎஸ்பி யூமிக்-1 வாங்குங்க, யூஎஸ்பில லேப்டாப்புல சொருகிக்கலாம், ரூம் ஈக்யூ விசார்ட்னு சாஃப்ட்வேர் இலவசம். மைக் மேல சீரியல் நம்பர் இருக்கும், அத அவங்க சைட்ல போட்டா அந்த மைக்கோட பிசகத் திருத்தற காலிப்ரேஷன் ஃபைல் ரெண்டு வரும், ஸ்பீக்கர் ஜோடிக்கு நேராப் புடிச்சு அளந்தா 0 டிகிரி ஃபைல். மொதல்ல 20லேர்ந்து 300 வரைக்கும் மட்டும் பாருங்க, மேல இருக்கறத இப்ப தொடாதீங்க. கிராஃப்ல மேடா இருக்கறத ஈக்யூல எறக்கலாம், பள்ளமா இருக்கறத ஏத்தப் பாக்காதீங்க, அது ரெண்டு சத்தம் மோதி ரத்தாகற எடம், நீங்க எவ்ளோ ஊத்தினாலும் ரொம்பாது, ஆம்ப்தான் சூடாகும். பள்ளத்துக்கு சேரயோ ஸ்பீக்கரயோ நகத்தறதுதான் வழி.

சப் இப்ப வாங்காதீங்க. ஸ்பீக்கர் ஒரு எடத்துல நின்னதுக்கு அப்புறம் அந்த கிராஃப இங்க போடுங்க, பாத்துட்டு பேசலாம். அளக்கும்போது ஃபேன், ஏசி ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க, ஜன்னல சாத்திடுங்க, சைக்கிள்ல டீ விக்கிறவரு ஹாரன் கூட கிராஃப்ல வந்து உக்காந்துக்கும்.